ஏழாயிரம்பண்ணைக்குப் போன புரூஃப்

காலை 6.20. விருதுநகர்.

ரயிலில் எனக்கு மேல் படுக்கையில் வந்தவர் மிளகாய் வற்றல் வியாபாரி. இறங்குவதற்கு முன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே, "விருதுநகர்ல யாரு வீட்டுக்கு?" என்று கேட்டார். யார் வீட்டுக்கும் இல்லை, சிவகாசியில் ஒரு புத்தகம் அச்சாகிறது, அதைப் பார்க்கப் போகிறேன் என்றேன். "புத்தகத்தைப் பாக்கவா இம்புட்டுத் தூரம் வாரீக? அவுகளே நல்லா அடிச்சு அனுப்பிருவாகளே" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. இத்தனை வருஷமாக அவர்களே நல்லா அடித்து அனுப்பியதைத்தான் நானும் வாங்கிக்கொண்டிருந்தேன்.

சென்னையில் சிறுவர் புத்தகங்கள் போடும் ஒரு சின்னப் பதிப்பகம் நடத்துகிறேன். மொத்தம் மூன்று பேர். அதில் ஒருவர் என் கணவர். பார்சல் கட்டுவார், முகவரிகளை மாற்றி ஒட்டுவார். போன வருஷம், இதுவரை ஒரு புத்தகமும் வெளிவராதவர்களிடமிருந்து கதையும் படமும் கேட்டு ஓர் அறிவிப்பு கொடுத்தோம். 'இதுவரை ஒலிக்காத குரல்கள்' என்று அதற்குத் தலைப்பு வைத்தவள் நான். "ஒலிக்காத குரல் உனக்கு எப்படிக் கேட்கும்?" என்று என் கணவர் கேட்டார். தலைப்பை மாற்றாமல் அப்படியே அனுப்பினேன்.

வந்து குவிந்த உறைகளில் பாதி, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்கள் எழுதிய நீதிக் கதைகள். குருவிகூட அவற்றில் ஒழுக்கமாகத்தான் கூடு கட்டியது. அவற்றின் நடுவே செய்தித்தாளில் சுற்றிய ஒரு காகிதச் சுருள் இருந்தது. பிரித்தால், பட்டாசுப் பெட்டிகளில் ஒட்டும் லேபிள்களின் கழிவுத் தாள்கள். ஒரு பக்கம் புலியும், ஆப்பிள் கன்னத்தோடு சிரிக்கும் வெளிநாட்டுப் பாப்பாவும். மறுபக்கம் கலர் பென்சிலில் பதினான்கு படங்கள். அனுப்பியவர் ஞானசெல்வி, ஏழாயிரம்பண்ணை. பட்டாசு ஆலையில் லேபிள் ஒட்டும் வேலை செய்கிறவர்.

கதை இதுதான். மழை பெய்தால் பட்டாசு காயாது. காயாவிட்டால் ஆலைக்கு லீவு. லீவு விட்டால் அம்மா வீட்டில் இருப்பாள். அதனால் ரூபி என்கிற சிறுமி, வானத்தில் போகிற மேகத்தையெல்லாம் கையைத் தட்டிக் கூப்பிடுகிறாள். அதே மேகத்தைப் பார்த்து அம்மாவுக்குக் கூலி போகிறதே என்று கவலை. ரூபி நல்ல கருப்பு, அம்மாவும் கருப்பு, கம்பெனி வேனில் போகிற பதினொரு பெண்களும் கருப்பு. அலுமினியப் பொடி படிந்து அம்மாவின் கைகள் மட்டும் முழங்கை வரை வெள்ளி போல மின்னுகின்றன. எட்டாம் பக்கத்தில் அந்த வெள்ளிக் கை, தூங்கும் ரூபியின் முகத்தைத் தொடாமல் ஒரு விரற்கடை தள்ளி நிற்கிறது. அந்தப் படத்தைப் பார்த்து நான் அழுதுவிட்டேன். நான் அவ்வளவு சுலபமாக அழுகிறவள் இல்லை.

போன மாதம் ஞானசெல்வி தொலைபேசியில் பேசியபோது ஒன்று சொன்னார். "வேன்ல வாரவுகளத்தான் மேடம் வரைஞ்சிருக்கேன். அம்புட்டுப் பேரும் கேட்டுக்கிட்டே இருக்காக. ஆடி முடியங்குள்ள வந்துரும்ல?" வந்துவிடும் என்று வாக்குக் கொடுத்தேன். அந்த வாக்குதான் என்னை ரயிலேற்றியது. அச்சகத்தில் மாதிரித் தாளான புரூஃபைப் பார்த்து 'ஓகே' எழுதிவிட்டு, மாலையில் அவர் வீட்டுக்குப் போய் ஒரு பிரதியைக் காட்டிவிட்டு ஊர் திரும்புவதாகத் திட்டம்.

காலை 7.45. விருதுநகர் பேருந்து நிலையம்.

நான்கு இட்லி, ஒரு வடை, ஒரு காபி, அறுபத்தைந்து ரூபாய். சிவகாசிக்கு இருபத்தாறு கிலோமீட்டர், டிக்கெட் இருபத்திரண்டு ரூபாய். ஆடிக் காற்று ஜன்னல் வழியே புழுதியை அள்ளி மடியில் போட்டது. ஆமத்தூரைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் பட்டாசுக் கடைகள் தொடங்கிவிட்டன. எண்பது சதவீதம் தள்ளுபடி என்றது ஒரு பலகை. அடுத்தது எண்பத்தைந்து என்றது, அதற்கடுத்தது தொண்ணூறு. இதே வேகத்தில் போனால் சிவகாசிக்குள் நுழையும்போது பட்டாசோடு கையில் காசும் கொடுத்து அனுப்புவார்கள் என்று நினைத்தேன். பக்கத்து இருக்கை அம்மாளிடம் அதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "அது அப்படித்தான் போடுவாக" என்று மட்டும் சொன்னார்.

காலை 9.10. சிவகாசி.

அச்சகத்தின் பெயர் வேண்டாம். சந்துக்குள் சந்தாகப் போனால் மை வாசனையே வழிகாட்டும். முதலாளியை ஊரே அண்ணாச்சி என்று கூப்பிடுகிறது. நானும் அப்படியே கூப்பிட்டேன். ஆடிப் பதினெட்டுக்குள் அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பம் வெளிவர வேண்டும், தீபாவளி லேபிள் ஆர்டர் வேறு. அவர் மேசையில் முருகன், மேரி மாதா, மெக்கா, ஒரு கட்சித் தலைவர் எல்லோரும் அச்சுக்குக் காத்துக்கொண்டிருந்தார்கள்.

"வாங்க மேடம், சாப்பிட்டீகளா? உங்க புத்தகத்தை இடையில சொருகித்தான் எடுக்கேன். இன்னைக்குச் சாயந்தரம் ஆறு மணிக்கு அச்சுப் பிளேட் மெஷினுக்குப் போகணும். விட்டா தீபாவளி கழிச்சுத்தான் மெஷின் கிடைக்கும்" என்றார். பிறகு உள்ளே பார்த்து, "மாரிச்சாமி, அந்தப் பாப்பா புத்தகத்தை எடுத்துட்டு வா" என்றார்.

மாரிச்சாமி அங்கே கம்ப்யூட்டரில் படம் திருத்துகிறவர். ஐம்பது வயதிருக்கும், காதில் பென்சில். புரூஃபை மேசையில் விரித்துவிட்டு, மாப்பிள்ளை வீட்டார் முன் பலகாரத்தட்டை வைத்தவரைப் போல இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்.

நான் பார்த்தேன். ரூபி ரோஸ் நிறத்தில் இருந்தாள். அம்மா ரோஸ் நிறத்தில் இருந்தாள். வேனில் போகிற பதினொரு பெண்களும் சந்தனக் குளியல் முடித்துவிட்டு நேராகக் கல்யாணத்துக்குக் கிளம்பியதுபோல இருந்தார்கள். அம்மாவின் வெள்ளிக் கைகளைக் காணவில்லை. சாதாரண ரோஸ் கைகள் இருந்தன. ஓர் ஆடுகூடக் கொஞ்சம் வெளுத்திருந்தது.

"என்ன இது?" என்றேன். எனக்கே கேட்காத குரலில் சொன்னேன் போலிருக்கிறது, மறுபடி கேட்க வேண்டியிருந்தது.

"முகமெல்லாம் டல்லா விழுந்திருந்துச்சு மேடம்" என்றார் மாரிச்சாமி. "ஒவ்வொண்ணா எடுத்து கிளீன் பண்ணினேன். மூணு நாளு. கையில வேற ஏதோ கறை விழுந்திருந்துச்சு. பதினாலு பக்கத்துலயும் எடுத்துட்டேன்."

"இதுக்குத் தனியா சார்ஜ் எதுவும் இல்ல மேடம்" என்று அண்ணாச்சி சேர்த்துக்கொண்டார். "பச்சைப் பிள்ளைக படிக்கிற புத்தகம். பளிச்சுன்னு இருக்கட்டும்னு நாந்தான் சொன்னேன்."

நான் பேச ஆரம்பித்தேன். கால் மணி நேரம் பேசினேன். கருப்பாக இருக்கிற பிள்ளை தன்னைப் போன்ற பிள்ளையைப் புத்தகத்தில் பார்க்க வேண்டும் என்றேன். பிரதிநிதித்துவம் என்றேன். அழகியல் அரசியல் என்றுகூட ஏதோ சொன்னதாக நினைவு. அண்ணாச்சி, கல்யாண வீட்டு வாழ்த்துரையைக் கேட்பவரைப் போலப் பொறுமையாகக் கேட்டார். முடிந்ததும் ஒன்றுதான் கேட்டார்.

"படம் போட்டவுக இதைப் பாத்தாகளா?"

இல்லை என்றேன்.

"அப்ப நீங்க சொல்லுறத வச்சு நான் எப்படி மாத்துறது? நாளைக்கு அவுக வந்து, எம் பிள்ளைய எதுக்குய்யா கருப்பா அடிச்சேன்னு கேட்டா நான் என்ன சொல்ல? முன்னால ஒருதடவ கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒண்ணு வந்துச்சு. போட்டோவுல எப்படி இருந்தாரோ அப்படியே அடிச்சுக் குடுத்தேன். செத்தவரு கலரக் கொறச்சுட்டீகன்னு பங்காளிக பன்னெண்டு பேரு வந்து இதே எடத்துல நின்னு சண்டை. போஸ்டர் பூராவையும் திருப்பி அடிச்சுக் குடுத்தேன் மேடம். அதுல இருந்து இங்கன யாரு வந்தாலும் மொதல்ல முகத்தத்தான் கிளீன் பண்ணுவோம். உசுரோட இருக்கவுகளுக்கும் அதேதான்."

அவர் பக்கத்து நியாயம் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அது நியாயமாகத்தான் இருந்தது. ஆறு மணிக்குள் ஞானசெல்வி நேரில் வந்து சொன்னால் பழையபடி போட்டுவிடுவதாக ஒப்புக்கொண்டார். புரூஃபைச் சுருட்டிக் கையில் கொடுத்தார்கள். கூடவே போன வருஷத்துக் காலண்டர் ஒன்றும். "அட்டையில ஒரு புலி வச்சா நல்லா ஓடும், யோசிச்சுப் பாருங்க" என்றார் அண்ணாச்சி.

காலை 10.35. ஏழாயிரம்பண்ணை பேருந்து.

தொலைபேசியில் கூப்பிட்டால் என்ன என்று கேட்பீர்கள். பட்டாசு ஆலைக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. வாசலில் வாங்கி வைத்துவிடுவார்கள். சாயங்காலம் வரை ஞானசெல்வியின் போன் மற்ற நாற்பது போன்களோடு ஒரு மரப்பெட்டிக்குள் கிடந்து அடிக்கும். நேரில் போவதைத் தவிர வழியில்லை.

ஏழாயிரம்பண்ணை எவ்வளவு தூரம் என்று நடத்துநரிடம் கேட்டேன். இருபத்தைந்து கிலோமீட்டர் என்றார். பின் இருக்கைக்காரர் முப்பது என்றார். டிரைவர் திரும்பிப் பார்க்காமலே, "ஒரு மணி நேரம்" என்றார். அவர் சொன்னதுதான் கிட்டத்தட்டச் சரியாக இருந்தது. டிக்கெட் இருபத்து நான்கு ரூபாய். காய்ந்த நிலம், கருவேலம், தூரத்தில் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி நிற்கும் சின்னச் சின்ன வெள்ளை அறைகள். எல்லாம் பட்டாசு அறைகள். ஒன்று வெடித்தால் அடுத்தது பிழைக்க வேண்டும் என்பதற்காக அந்த இடைவெளி. நான் அவற்றை எண்ணிக்கொண்டே போனேன். பேருந்தில் மற்றவர்கள் சாதாரணமாகப் பேசிக்கொண்டுதான் வந்தார்கள்.

பகல் 12.05. ஆலை வாசல்.

நிறுத்தத்திலிருந்து ஆட்டோ எண்பது ரூபாய். வாசலில் காவலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார். கைத்தறிப் புடவை, கண்ணாடி, கையில் கோப்பு, கக்கத்தில் சுருட்டிய தாள். என் போனையும் கைக்கடிகாரத்தையும் வாங்கி வைத்துக்கொண்டு, சுவரில் பதித்திருந்த செம்புத் தகட்டைத் தொடச் சொன்னார். உடம்பில் மின்சாரம் இருந்தால் இறங்கிவிடுமாம். என்னிடம் காலையிலிருந்து ஏறியிருந்தது அந்தத் தகட்டுக்கு அடங்குகிற மின்சாரமா என்று தெரியவில்லை. தொட்டேன்.

"என்ன விசயமா வந்திருக்கீக மேடம்?"

"குழந்தைகள் சம்பந்தமா வந்திருக்கேன்" என்றேன்.

நாற்பது வருஷம் தமிழ் படித்த எனக்கு, அந்த வாசலில் நின்று சொல்லக் கூடாத ஒரே வாக்கியம் அதுதான் என்று தோன்றவில்லை. காவலாளி உள்ளே ஓடினார். அவர் போன வேகத்தில் போர்மேன் வந்தார். அவர் பின்னால் ஒரு நாற்காலி, அதன் பின்னால் ஆரஞ்சுக் கலர் சோடா பாட்டில் ஒன்று.

"இங்கன பிள்ளைக யாரும் வேலை பாக்கல மேடம். உக்காருங்க. கலர் குடிங்க" என்றார்.

"நான் இன்ஸ்பெக்டர் இல்லைங்க. புத்தகம் போடறவ."

"எந்தப் புத்தகம் வேணும்னாலும் பாருங்க மேடம். எல்லாம் எழுதி வச்சிருக்கோம்" என்று வருகைப் பதிவேடு, வயதுச் சான்று நகல்கள் எல்லாவற்றையும் என் மடியில் அடுக்கினார். பிறகு, குள்ளமாக இருந்த ஒரு பெண்ணைக் கூப்பிட்டு எனக்கு முன் நிறுத்தினார். "பாக்கத்தான் இப்படி இருப்பா. இருபத்தி மூணு வயசு. ஏத்தா, உன் ரெண்டாவது பிள்ளைக்கு என்ன வயசு, மேடத்துட்ட சொல்லு." அந்தப் பெண், மூன்று என்று சொல்லிவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"நான் ஞானசெல்வியைப் பார்க்கணும்" என்றேன். "அவங்க குழந்தைகளுக்கு ஒரு கதை எழுதியிருக்காங்க."

போர்மேன் நீண்ட நேரம் யோசித்தார். இப்படி ஒரு மாறுவேடத்தில் எந்த இன்ஸ்பெக்டரும் வந்ததில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. "லேபிள் செட்டு ஞானசெல்வியா? அது நல்ல பிள்ள மேடம். அதுக்கு முப்பத்தி நாலு வயசு" என்றார்.

பகல் 1.00. சாப்பாட்டு நேரம்.

ஆலைக்கு வெளியே வேப்பமரத்தடியில் பெண்கள் தூக்குச்சட்டிகளைத் திறந்தார்கள். ஞானசெல்வியை அன்றுதான் முதன்முதலாக நேரில் பார்க்கிறேன். ஒல்லியான உருவம், வேகமான நடை, என்னைவிட நன்றாகச் சிரிக்கத் தெரிந்தவர். "மேடம், சாயந்தரந்தான வாரேன்னீக?" என்று கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தார். நான் புரூஃபை விரித்தேன். ஆடிக் காற்று அதைப் பிடுங்கப் பார்த்தது. நான்கு மூலையிலும் நான்கு தூக்குச்சட்டி வைத்தார்கள்.

ஞானசெல்வி குனிந்து பார்த்தார். நான் அவர் கோபத்துக்காகக் காத்திருந்தேன். பேருந்தில் வரும்போதே அவருக்குச் சொல்ல ஆறுதல் வார்த்தைகள்கூடத் தயார் செய்து வைத்திருந்தேன்.

"என்ன அளகா இருக்கு" என்றார் ஞானசெல்வி.

"நிஜமாவா?" என்றேன்.

"பளபளன்னு இருக்குல்ல. எம் படமா இது? காலண்டர் கணக்கா இருக்கே."

இதற்குத்தானா ரயிலேறி வந்தேன், அண்ணாச்சியே ஜெயித்துவிட்டார் என்று உட்கார்ந்துவிட்டேன். ஞானசெல்விக்குப் பிடித்திருந்தால் வேண்டாம் என்று சொல்ல நான் யார்? புத்தகம் அவருடையது. அப்படி நினைக்கிற அளவுக்கு எனக்கு நேர்மை இருந்தது, சந்தோஷம்தான் இல்லை.

அதற்குள் மற்ற பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். வேன் படம் இருந்த பக்கத்தை ஒருவர் கண்டுபிடித்துவிட்டார். அவர் பெயர் பேச்சியம்மாள், ஐம்பதைத் தாண்டியவர், வேனில் முன் இருக்கை அவருக்குத்தானாம். சோற்றுக் கையைத் தாளில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை பார்த்துவிட்டு, மறுபடியும் பார்த்தார்.

"ஞானம், இதுல நான் எங்க இருக்கேன்?"

"முன் சீட்டுல பாருங்கக்கா."

"முன் சீட்டுல யாரோ டீச்சர் உக்காந்திருக்கா."

இன்னொரு பெண், "நான் ஜன்னலோரம்னு சொன்னியே, அங்கன ஒரு டாக்டரம்மால்ல இருக்கு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். பேச்சியம்மாள் சிரிக்கவில்லை. "நாம யாரும் வேன்லயே ஏறலயேத்தா. இது யாரோ டூர் வந்தவுக" என்று சொல்லிவிட்டு, தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்து மிச்சச் சோற்றைச் சாப்பிட ஆரம்பித்தார்.

ஞானசெல்வி அதன்பிறகுதான் படங்களை மெதுவாகப் பார்த்தார். எட்டாம் பக்கத்தில் நின்றார். ரூபி தூங்கிக்கொண்டிருந்தாள், அம்மாவின் ரோஸ் கை அவள் முகத்துக்கு ஒரு விரற்கடை தள்ளி நின்றது.

"கையி சுத்தமா இருந்தா தொட வேண்டியதுதான? ஏன் தொடாம நிக்கா?" என்றார். என்னிடம் கேட்கவில்லை, படத்திடம் கேட்டார்.

பிறகு எழுந்து புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டு, "எத்தன மணிக்குள்ள போகணும் மேடம்?" என்றார்.

சீசன் நேரத்தில் அரை நாள் லீவு கேட்டால் போர்மேன் எரிந்து விழுவார் என்று பயந்துகொண்டே போனோம். நான் பக்கத்தில் நின்றதால் அவர் ஒரு வார்த்தைகூடக் கடிந்து பேசவில்லை. "தாராளமா கூட்டிட்டுப் போங்க மேடம். என்ன கேக்கணுமோ நல்லா கேளுங்க" என்று வழியனுப்பி வைத்தார்.

மாலை 3.40. மீண்டும் சிவகாசி.

அச்சகத்துக்குள் நுழைந்ததும் ஞானசெல்வி சுவரைப் பார்த்து நின்றுவிட்டார். அங்கே சட்டம் போட்டு மாட்டியிருந்த பழைய லேபிள்களில் அந்தப் புலி இருந்தது. ஆப்பிள் கன்னப் பாப்பாவும் இருந்தது.

"இந்தப் பாப்பாவ யாரு வரைஞ்சது?"

"நாந்தான்" என்றார் மாரிச்சாமி.

"பன்னெண்டு வருசமா தினமும் ஒட்டுதேன். நீங்கதானா அது?" என்று கேட்டவர், மரியாதைக்குக்கூட ஓர் இடைவெளி விடாமல் தொடர்ந்தார். "ஓரத்துல எடமே விட மாட்டீகளா? லேபிள வச்சு அமுக்கினா பசை பாப்பா கண்ணு மேல ஏறிருது. எங்க செட்டுல அதுக்கு ஒத்தக்கண்ணுப் பாப்பான்னே பேரு."

மாரிச்சாமி காதிலிருந்த பென்சிலை எடுத்துவிட்டார். "எம்புட்டு எடம் வேணும்?"

"கட்டைவிரல் அளவு."

"இத்தன வருசத்துல ஒருத்தர் சொல்லலையே" என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டார். அடுத்த அரை மணி நேரம் அந்த இருவரும் பசை, ஓரம், தாளின் கனம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அழகியல் அரசியல் பேச வந்திருந்த நான் ஒரு பேப்பர் கட்டின் மேல் உட்கார்ந்து டீ குடித்தேன்.

கடைசியில் ஞானசெல்வியே ஆரம்பித்தார். "அண்ணே, உங்க வேலைய நான் கொறை சொல்லல. நானே அளகா இருக்குன்னுதான் சொன்னேன். ஆனா பேச்சியக்கா அவுகள தேடித் தேடிப் பாத்துட்டு எந்திரிச்சுப் போயிட்டாக. பழையபடி வச்சுருங்க."

மாரிச்சாமிக்கு முகம் சுருங்கிவிட்டது. மூன்று நாள் உழைப்பு. அண்ணாச்சியைப் பார்த்தார், அண்ணாச்சி என்னைப் பார்த்தார், நான் டீயைப் பார்த்தேன். பிறகு மாரிச்சாமி, "ஒரிஜினல் இருக்கு. பார்ட்டிக மனசு எப்ப மாறும்னு தெரியாதுல்ல, அதனால அழிக்க மாட்டேன்" என்று கம்ப்யூட்டரைத் திறந்தார். ரோஸ் பெண்கள் ஒவ்வொருவராகப் போய், கருத்த பெண்கள் வந்து வேனில் உட்கார்ந்தார்கள். அம்மாவின் கை வெள்ளியானது. வானம் வந்ததும் ஞானசெல்வி கையைக் காட்டி நிறுத்தினார். "மேகத்துக்கு நீங்க வச்ச நீலம் நல்லாருக்கு. அது இருக்கட்டும்." மாரிச்சாமியின் முகம் கொஞ்சம் சரியானது.

நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். விட்டிருக்கக் கூடாது, பின்னட்டை பாக்கி இருந்தது.

பின்னட்டை வாசகம் என் கைவண்ணம். ஒரு வாரம் உட்கார்ந்து செதுக்கியது. ஞானசெல்வி அதை விரல் வைத்துச் சத்தமாக வாசித்தார்: "கந்தகப் புகையின் நடுவே கனவுகளைத் தீட்டும் பட்டாசுத் தொழிலாளி ஞானசெல்வி, விளிம்பிலிருந்து ஒலிக்கும் ஒரு புதிய குரல்."

வாசித்துவிட்டு நிமிர்ந்தார். "விளிம்புன்னா எது மேடம்?"

நான் விளக்க முயன்றேன். பாதியில் நிறுத்திவிட்டேன்.

"நீங்க போட்ட மத்த புத்தகத்துலயெல்லாம் எழுதினவுக என்ன வேலை பாக்காகன்னு போட்டிருக்கா?"

யோசித்தேன். எங்கள் எழுத்தாளர்களில் ஒருவர் வங்கி மேலாளர், ஒருவர் வருமான வரித் துறை. இரண்டு பேருடைய பின்னட்டையிலும் 'குழந்தைகளுக்காகத் தொடர்ந்து எழுதி வருபவர்' என்றுதான் இருக்கிறது. வரித் தாக்கல்களின் நடுவே கனவு தீட்டுபவர் என்று நான் யாருக்கும் எழுதியதில்லை.

"இல்லை" என்றேன்.

"லேபிள் ஒட்டுறது ஒண்ணும் கேவலம் இல்ல மேடம். கதையிலேயே எல்லாந்தான் இருக்கே. ஆனா இத வாசிச்சா பாவம் பாத்துல்ல புத்தகத்த எடுப்பாக. எம் படத்தப் பாத்து எடுக்கட்டும்." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அண்ணன் முகத்தக் கிளீன் பண்ணினாக, நீங்க எனக்குப் புகை போட்டிருக்கீக. ரெண்டும் ஆசையாத்தான செஞ்சீக, வருத்தப்படாதீக" என்றார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. காலையில் இதே மேசைக்கு முன்னால் கால் மணி நேரம் பேசியதெல்லாம் நினைவுக்கு வந்து இன்னும் வெட்கமாக இருந்தது. அண்ணாச்சி பெருந்தன்மையோடு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன போடலாம் என்று ஞானசெல்வியிடமே கேட்டேன். அவர் சொல்லச் சொல்ல மாரிச்சாமி தட்டினார்: 'ஞானசெல்வி ஏழாயிரம்பண்ணையில் இருக்கிறார். மேகம் நன்றாக வரைவார். இது அவருடைய முதல் புத்தகம்.'

மாரிச்சாமி பெயரையும் உள்ளே போடலாமே, வானம் அவருடையதுதானே என்று ஞானசெல்வி கேட்டார். மாரிச்சாமி பதறிவிட்டார். "பேரெல்லாம் வேண்டாம்மா. பேரு போட்டா, தப்பு வந்தா யாரத் திட்டணும்னு தெரிஞ்சுரும்." எவ்வளவு சொல்லியும் அவர் இசையவில்லை.

மாலை 6.50. மெஷின்.

பிளேட் சொன்ன நேரத்துக்குப் போய்விட்டது. மெஷின் ஓட்டுகிறவர் காது மந்தமான பெரியவர். முதல் தாள்கள் வந்து விழுந்ததும் ஒன்றை உருவி விளக்குக்குக் கீழே பிடித்தார். வேனில் பதினொரு கருத்த பெண்கள். "கருப்பு மை கூடிப்போச்சு" என்று சொல்லிக்கொண்டே மை விடும் திருகைக் குறைக்கக் கையை நீட்டினார்.

நான் கத்துவதற்குள் அண்ணாச்சி கத்திவிட்டார். "யோவ், தொடாதய்யா. அவுக கலரே அதுதான்."

பெரியவர் கையை எடுத்துவிட்டு, தாளை இன்னொரு முறை பார்த்தார். "அப்படியா? என்னமோ நம்ம வீட்டு ஆளுக கணக்கா இருக்குன்னு பாத்தேன்" என்று சொல்லி மெஷினை ஓடவிட்டார்.

ஈரத் தாளை ஞானசெல்வி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வாசலுக்குக் கொண்டுபோய் மிச்ச வெளிச்சத்தில் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு, "பேச்சியக்கா ஏறிட்டாக" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது, எனக்கும்தான். அண்ணாச்சி அவரைத் தன் காரிலேயே ஏழாயிரம்பண்ணைக்கு அனுப்பிவைத்தார். மடிக்காத தாளைப் பின் இருக்கையில் விரித்து வைத்துவிட்டு, ஞானசெல்வி முன்னால் ஏறிக்கொண்டார்.

மறுநாள் காலை. சென்னை.

ரயில் நிலையத்திலிருந்து நேராக அலுவலகம் போனேன். என் கணவர் யாருக்கோ யாருடைய பார்சலையோ கட்டிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். சிவகாசிக்காரர்களின் வழக்கத்தைப் பற்றி நான் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்திருக்க வேண்டும், அவர் எழுந்துபோய் எங்கள் புத்தக அலமாரியைத் திறந்துவைத்துவிட்டு வந்தார்.

இதுவரை முப்பத்தெட்டுப் புத்தகம் போட்டிருக்கிறோம். தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டினேன். மீனவர் மகள் ரோஸ். உழவர் மகன் ரோஸ். வெயிலில் மாடு மேய்க்கிற அண்ணன் தங்கை இருவரும் நல்ல ரோஸ். இவற்றில் எதையும் மாரிச்சாமி தொட்டதில்லை. ஓவியர்கள் வரைந்து அனுப்பியதே இப்படித்தான். ஒவ்வொரு புத்தகத்தின் புரூஃபும் இந்த மேசைக்கு வந்திருக்கிறது. எல்லாவற்றிலும் ஓகே என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவள் நான்.